கையில் இருக்கிற எண்ணெய்

ஆடி அமாவாசை ஞாயிறில் வந்தது.
லங்கந்தாலிலிருந்து இரண்டு வான்.
துன் ஏரி தெரிந்ததும் மழை.
முன் இருக்கையில் குருக்கள்,
அவர் மடியில் மிக்றோஸ் பால் நிரப்பிய செப்புக்குடம்,
இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெல்ட்.

படம் முதலில் வாட்ஸ்அப்பில்தான் வந்தது.
மலைக்குள் ஒரு கல், முழங்கால் உயரம்.
கூரையிலிருந்து விழும் சொட்டு
ஒருமுறையும் பிசகாமல் அதன் உச்சியில்.
"சுயம்பு" என்று எழுதினார் நிர்மலேந்திரன்.
கீழே அறுபத்திரண்டு கூப்பிய கைகள்.
இருட்டுவதற்குள் கல்லுக்குப் பெயர் வைத்தாயிற்று,
தலவிருட்சம் எது என்று சண்டையும் வந்து
ஊசியிலை மரம் வென்றாயிற்று.

அருவி குகை வாசலிலேயே.
மலை வாய் கொப்பளிக்கிற மாதிரி,
துப்பித் தீரவே இல்லை.
ஆண்கள் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார்கள்.
பனி உருகின தண்ணீர்;
மந்திரம் பல்லில் அடிபட்டு உடைந்து வந்தது.
தகப்பன் பெயரைச் சொல்லும் இடத்தில்
ஒவ்வொருவருக்கும் குரல் நடுங்கியது.
குளிர் என்றார்கள்.
நான் பெண்பிள்ளை. துவாய்களோடு கரையில் நின்றேன்.
என் அப்பாவுக்கு எள் இறைக்க ஆளில்லை.
அவர் பெயரை அருவிச் சத்தத்துக்குள் சொன்னேன்,
எனக்கே கேட்கவில்லை.

ஆளுக்குப் பத்தொன்பது பிராங்.
"சாமி பார்க்கக் காசோ?"
"திருப்பதியில குடுத்தனீங்கள்தானே" என்றா கனகாம்பிகை அக்கா.

உள்ளே எப்போதும் எட்டுப் பாகையாம்,
வெளியே எந்த மாதம் நடந்தாலும்.
விளக்குப் பிடித்து முன்னால் போனவள் பெயர் ரெகுலா.
கல்லைக் கண்டதும் யாரோ அரோகரா என்றார்கள்;
அது போய், எங்கோ முட்டி,
வேறு யாரோ சொன்னதுபோல் திரும்பி வந்தது.

குருக்கள் குடத்தோடு ஓர் அடி வைத்தார்.
ரெகுலா கையைக் குறுக்கே நீட்டினாள்.
பால் கூடாது. தொடவும் கூடாது.
நூறு வருடத்துக்கு ஒரு விரற்கடைகூட வளராத கல் இது,
அந்த வளர்ச்சியும் தொட்டால் நின்றுபோகும்.
கையில் எண்ணெய் இருக்கிறது.
எண்ணெய் பட்ட இடத்தில் சுண்ணாம்பு படியாது.
இந்தா, இந்தப் பக்கம் கறுத்துக் கிடக்கிறது பாருங்கள்,
கம்பி போடுவதற்கு முன் வந்தவர்கள் தடவியது.

லக்சிகா, பத்து வயது, தமிழாக்கினாள்:
"தொட்டா சாமி செத்துப்போகுமாம்."

"யாருடைய கை?" என்றார் குருக்கள், ஜெர்மனில்.

ரெகுலாவுக்குக் கேள்வி விளங்கவில்லை.
"கைதான்" என்றாள். "எந்தக் கையும்."

எனக்கு விளங்கியது.
ஒரு தேர்த்திருவிழாவில், கோயில் வாசலில்,
உள்ளே வரக்கூடாத ஆள் என்று
பொல்லால் அடித்தார்கள் என் அப்பாவை.
வலது முழங்கை பிறகு நேரானதே இல்லை.
சோற்றைக் குனிந்துதான் எடுப்பார்.
அப்போது யாருடைய கை என்று ஒருவரும் கேட்கவில்லை,
எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

குருக்கள் குடத்தைத் தவயோகனிடம் கொடுத்தார்.
இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைக்குள் விட்டார்.
கம்பிக்கு வெளியே, எனக்குப் பக்கத்தில்,
என் அளவு தள்ளி நின்று
மெல்ல ருத்ரம் தொடங்கினார்.
பாதியில் விளக்கு தானாக அணைந்தது.
அவரும் நிறுத்தினார்.

இருட்டில் அந்தச் சொட்டு.
அடுத்தது வரும்வரை
மூச்சைப் பிடித்திருந்தோம், இருபத்தேழு பேரும்.
பூசை நடந்தது என்றால் அவ்வளவுதான் நடந்தது.

மழை விட்டபாடில்லை.
கார் நிறுத்துமிடத்தில், வானின் பின்கதவுக்குக் கீழே,
மிஞ்சிய பாலைக் காஸ் அடுப்பில் காய்ச்சித்
தேத்தண்ணி போட்டான் தவயோகன்.
காகிதக் கோப்பைகளைக் குருக்களே எடுத்துக்கொடுத்தார்.
என்னுடையதை நீட்டியபோது விரல் பட்டது.
ஈரமாக இருந்தது, மழையாயிருக்கும்.

"சீனி காணுமோ?" என்று கேட்டார்.